«குடுக்கத்தானே வேணும்»

ஐக்கிய அமெரிக்காவில் அரசியல் தஞ்சம் கோருவோர் நிரப்ப வேண்டிய படிவத்துக்கு ஐ-589 என்று பெயர். எம்மவரில் பலருக்கு அது மனப்பாடம். பெயர், பிறந்த இடம், மணமானவரா என்பன போன்ற கேள்விகளைக் கடந்து இரண்டாம் பகுதிக்கு வந்தால், நீங்களோ உங்கள் குடும்பத்தவரோ சொந்த நாட்டில் ஏதேனும் கட்சியுடன், ஆயுதக் குழுவுடன், கெரில்லா இயக்கத்துடன் தொடர்பு கொண்டிருந்தீர்களா என்ற கேள்வி வருகிறது. பேனா நின்றுவிடும் இடம் அது. படிவத்தின் இறுதியில், எழுதியவை யாவும் உண்மை, பொய்யெனில் தண்டனைக்கு உடன்படுகிறேன் என்று கையொப்பம் வைக்க வேண்டும்.

கோவில் மண்டபத்திலும், மரண வீட்டிலும், தொலைபேசியிலும் இக்கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் பலர். "இயக்கத்துக்குக் கொடுத்ததைச் சொல்வதா, விடுவதா?" நான் சட்டத்தரணி அல்லன், இங்கு எழுதுவது சட்ட ஆலோசனையும் அன்று. ஆயின் இக்கேள்வி சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை ஒரு வழக்கின் மூலம் அறிந்துகொண்டேன். அவ்வழக்குக்கு உரியவரின் சம்மதத்துடன், அடையாளம் காணத்தக்க விபரங்களை மாற்றி, அதனை எழுதுகிறேன். அதற்கு முன் சட்டத்தின் நிலையைச் சொல்லவேண்டும்.

விடுதலைப் புலிகள் இயக்கத்தை அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் 1997ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி வெளியிட்ட வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் முதற் பட்டியலிலேயே சேர்த்தது. அவ்வியக்கம் 2009 மே மாதத்தில் களத்திலிருந்து இல்லாதொழிந்த பின்னரும் பட்டியலிலிருந்து அதன் பெயர் எடுக்கப்படவில்லை. இத்தகைய அமைப்புக்கோ அதன் உறுப்பினருக்கோ 'பொருளுதவி' செய்தவர் தஞ்சம் பெறும் தகுதியை இழக்கிறார் என்பது குடிவரவுச் சட்டம். பணம், தங்க இடம், போக்குவரத்து, ஆயுதம், பயிற்சி என்று சட்டம் உதாரணங்களை அடுக்குகிறது. சோறு அப்பட்டியலில் இல்லை. ஆனால் நியூ ஜேர்சி மாநிலம் எந்த மேன்முறையீட்டு நீதிமன்றின் ஆளுகைக்கு உட்பட்டதோ, பிலடெல்பியாவிலுள்ள அந்த மூன்றாம் வட்டார நீதிமன்று, 2004ஆம் ஆண்டு சீக்கியர் ஒருவரின் வழக்கில், போராளிகளுக்கு உணவு கொடுத்ததும் கூடாரம் அமைத்துக் கொடுத்ததும் பொருளுதவியே என்று தீர்த்துவிட்டது.

இச்சட்டம் எம்மவரை எவ்வாறு தீண்டியது என்பதற்குப் பலரறிந்த ஓர் உதாரணம் உண்டு. இலங்கை மீனவர் ஒருவர் புலிகளால் கடத்தப்பட்டு, ஏறத்தாழ 500 டொலர் மீட்புப்பணம் கொடுக்கப்பட்டதன் பேரில் விடுவிக்கப்பட்டவர். தப்பி அமெரிக்கா வந்து, நியூ ஜேர்சி எலிசபெத் நகரில் விமான நிலையத்துக்கு அண்மையில் உள்ள, முன்னர் பண்டகசாலையாயிருந்த தடுப்பு நிலையத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்தார். தன் உயிரை மீட்கக் கொடுத்த பணமே, கடத்தியவர்களுக்கு அவர் செய்த பொருளுதவியாகக் கணிக்கப்பட்டது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ஒன்பதாம் வட்டார நீதிமன்று இன்னொரு ஈழத் தமிழரின் வழக்கில், கட்டாயத்தின் பேரில் கொடுத்ததற்கும் இச்சட்டத்தில் விதிவிலக்கு இல்லை என்றது. 2015இல் மூன்றாம் வட்டாரமும் சியரா லியோன் நாட்டவர் ஒருவரின் வழக்கில் அதையே கூறியது. 2018இல் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை இன்னும் ஒரு படி சென்றது. எல் சல்வடோர் நாட்டுப் பெண் ஒருவர் 1990இல் கெரில்லாக்களால் கடத்தப்பட்டவர். தன் கணவன் தனது புதைகுழியைத் தானே தோண்ட, பின்னர் கொல்லப்பட்டதைக் கண்ணால் கண்டவர். அவர்களுக்குச் சமைக்கவும் துணி துவைக்கவும் வைக்கப்பட்டவர். அச்சமையலும் அத்துவையலும் பொருளுதவியே என்று சபையின் பெரும்பான்மை தீர்த்தது.

ஒரு சிறு கதவு உண்டு. 2007ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சராயிருந்த மைக்கேல் சேர்ட்டோஃப், அச்சுறுத்தலின் கீழ் கொடுத்தவர்களுக்கு விலக்கு அளிக்க வழி செய்தார். முதலில் பட்டியலில் இல்லாத குழுக்களைப் பொறுத்தும், பின்னர் பட்டியலிலுள்ள அமைப்புகளைப் பொறுத்தும் அது வந்தது. ஆனால் கதவின் திறப்பு நீதிபதியின் கையில் இல்லை. திணைக்களத்தின் கையில் இருக்கிறது. மறுத்தால் கேட்பதற்கு இடமில்லை.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாயிருந்த காலத்தில் அரிஸ்டோட்டிலின் நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் மூன்றாம் நூலை ஆண்டுதோறும் கற்பித்திருக்கிறேன். கட்டாயத்தில் செய்த செயல் எமது செயலா என்று அவர் அங்கே கேட்கிறார். இரண்டு உதாரணங்கள் தருகிறார். ஒன்று, புயலில் அகப்பட்ட கப்பலைக் காக்கப் பொருட்களைக் கடலில் எறிவது. மற்றையது, பெற்றோரையும் பிள்ளைகளையும் தன் பிடியில் வைத்திருக்கும் கொடுங்கோலன் ஓர் இழிசெயலைச் செய்யச் சொல்வது. இவை விருப்பமும் விருப்பமின்மையும் கலந்த செயல்கள் என்பார் அவர். எனது மாணவர்களுக்கு முதலாவது உதாரணத்தை விளக்க நேரம் எடுக்கும். இரண்டாவதை விளக்க வேண்டியிருந்ததே இல்லை. அவர்கள் எல்லோரும் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் கேட்கப்பட்டபோது எனக்கு வயது பதினொன்று. அம்மா காப்பைக் கழற்றி ஒரு கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. பற்றுச்சீட்டு ஒன்றுடன் திரும்பி வந்தார். அதே அம்மா, அதற்கு முந்திய ஆண்டுகளில், படலையடியில் வந்து நின்ற பெடியன்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தவர். அப்போது அவரிடம் எவரும் எதையும் கேட்டு மிரட்டவில்லை. பெரியம்மாவின் மகன் அவர்களில் ஒருவன். அவன் எந்த முகாமில் பசித்திருக்கிறானோ என்ற எண்ணத்தில் இவர்களுக்குக் கட்டினார். பவுணும் பார்சலும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே. கொடுத்த கையும் ஒன்றே. ஆனால் அவை ஒரே செயல் அல்ல. சட்டத்துக்கு இரண்டும் 'கொடுத்தல்'.

எம்மிடையேயும் இதைப் பற்றி நேர்மையான பேச்சு நடைபெற்றதாகச் சொல்ல முடியாது. 'எல்லோரும் மனமுவந்து கொடுத்தோம்' என்பது ஒரு கதை. 'எல்லோரும் பயத்தில் கொடுத்தோம்' என்பது நீதிமன்ற வாசலில் பிறந்த இன்னொரு கதை. முதலாவதை மறுத்தால் இங்குள்ள சில மண்டபங்களில் 'துரோகி' என்ற பட்டம் இன்றும் கிடைக்கும். எல்லாப் பக்கத்துத் துப்பாக்கிகளைப் பற்றியும் எழுதத் துணிந்த யாழ். பல்கலைக்கழகத்து ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இணைந்து எழுதிய 'முறிந்த பனை'யை வீட்டில் வைத்திருப்பதற்கே நாங்கள் அஞ்சிய காலம் உண்டு. அந்த அச்சம் கடல் கடந்தும் வந்திருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அறைக்குள் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும் அகதிகளை நான் கண்டிருக்கிறேன். 'இவர் எந்தப் பக்கம்' என்பது அவர்களுடைய முதற் கேள்வி.

நான் சொல்ல வந்த இளைஞரும் முதல் நாள் அப்படித்தான் இருந்தார்.

2012ஆம் ஆண்டு இலையுதிர்காலம். நியூ ஜேர்சியில் ஒரு தடுப்பு முகாம். இலவசமாக வழக்கை ஏற்றிருந்த இளம் பெண் சட்டத்தரணிக்கும் அவருக்கும் இடையில் நான் மொழிபெயர்ப்பாளன். முல்லைத்தீவுப் பக்கம் ஊர், சைக்கிள் திருத்தும் சிறு கடை, தகப்பன் இல்லை. கடைக்கு மாதாமாதம் வரி கேட்டார்கள், கொடுத்தார். கொடுக்காதவர்களுக்கு நடந்ததையும் சொன்னார். இதில் சிக்கல் இல்லை. அச்சுறுத்தல் தெளிவாக இருந்தது. 2008ஆம் ஆண்டின் முற்பகுதியில், வீட்டுக்கு ஒருவர் என்று ஆட்பிடித்த காலத்தில், அவருடைய தம்பியைக் கொண்டுபோனார்கள். 2009இல் அந்தத் தம்பி இறந்தான். உடல் கிடைக்கவில்லை. இவர் மெனிக் முகாமில் இருந்து, பின்னர் தம்பியின் பெயரால் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கு நடந்தவற்றின் தழும்புகளை மருத்துவர் ஒருவர் படம் வரைந்து குறித்திருந்தார். 2011இல், கைக்குழந்தையையும் மனைவியையும் வவுனியாவில் விட்டு வெளியேறினார்.

பயிற்சி முகாம் ஒன்றில் தம்பி இருந்த மாதங்களில், தாயார் சமைத்துக் கொடுக்க, இவர் மூன்று முறை சைக்கிளில் சோறு கொண்டுபோயிருக்கிறார். மூன்றாம் முறை தாயார் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார். "தம்பியோட நிண்ட பெடியளும் சாப்பிட்டவங்கள், சேர்" என்றார்.

சட்டத்தரணி குறிப்பெடுத்துக்கொண்டே, ஏன் கொண்டுபோனீர்கள் என்று கேட்கும்படி சொன்னார். கேட்டேன். அவர் தலை குனிந்தபடி சொன்னார்:

"குடுக்கத்தானே வேணும்."

மூன்று விநாடிகளில் மொழிபெயர்த்திருக்க வேண்டியது. என் வாய் திறக்கவில்லை. தமிழ் அறிந்த எவருக்கும் அந்த வாக்கியத்தில் குழப்பம் எதுவும் இராது. ஆனால் 'வேணும்' என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. கொடுக்காமல் இருக்க வழியில்லை என்பது ஒன்று. கொடுப்பதே முறை, கொடுக்காதிருந்தால் மனிதனல்ல என்பது மற்றொன்று. வரி கட்டுபவனும் 'கட்டத்தானே வேணும்' என்கிறான். தாயைப் பார்ப்பவனும் 'பார்க்கத்தானே வேணும்' என்கிறான். ஆங்கிலத்தில் நான் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். 'கட்டாயப்படுத்தப்பட்டேன்' என்ற பொருள்பட மொழிபெயர்த்தால், 2007ஆம் ஆண்டு திறந்த கதவுக்குள் அந்தச் சோறும் நுழைந்துவிடும். 'அது என் கடன்' என்ற பொருள்பட மொழிபெயர்த்தால், கதவு மூடுகிறது. எவரும் மிரட்டாமல் ஓர் இயக்க உறுப்பினருக்கும் அவனுடைய தோழர்களுக்கும் உணவு வழங்கினார் என்று ஆகிவிடும்.

முதலாவது மொழிபெயர்ப்பு பொய் என்று எவராலும் நிறுவியிருக்க முடியாது. இலக்கணம் என் பக்கம் இருந்தது. ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால், அந்த அறையில் மூவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் சட்டத்தரணியிடம், இவ்வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு என்றேன். இரண்டையும் விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் எதைக் கருதுகிறார் என்று கேளுங்கள் என்றார். கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை, வியப்புத்தான் இருந்தது. "தம்பிக்குச் சோறு குடுக்கிறதுக்கு ஆர் சேர் என்னைக் கட்டாயப்படுத்தோணும்?"

அதை மொழிபெயர்த்தேன்.

அடுத்த கிழமை நாங்கள் போனபோது அவர் தடுமாறிக்கொண்டிருந்தார். இடையில் மனைவியுடன் தொலைபேசியில் பேசியிருக்கிறார். மனைவி சொன்னது சுருக்கம்: "அவங்கள் வெருட்டித்தான் கொண்டுவரச் சொன்னவங்கள் எண்டு சொல்லுங்கோ. தம்பி செத்துப்போனான். அவன் வந்து இல்லையெண்டு சொல்லப்போறானே? நாங்கள் உயிரோட இருக்கிறம்."

இதில் எந்தச் சொல்லை எவர் மறுப்பார்? வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற கருத்தை வைத்திருக்கிறார். ஜேர்மனியின் காண்ட் 1797ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருபவன் கதவைத் தட்டிக் கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்றார். தன் பிறந்த நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு அதிகம் வெளியே போகாத மனிதர் அவர். அவருடைய கதவை அப்படி எவரும் தட்டியதில்லை. வகுப்பறையில் இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, மணி அடித்ததும் வெளியே போய்விடலாம். இந்த அறையில் மணி அடிக்கவில்லை.

வள்ளுவரின் அளவுகோலிலேயே அந்தப் பொய் தேறுமா என்று யோசித்தேன். தீங்கு எவருக்கும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த ஆண்டு டிசெம்பரில் நியூயோர்க்கில் போலித் தஞ்சக் கதைகளை எழுதிக் கொடுத்த குற்றத்தின் பேரில் சட்டத்தரணிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் உட்படப் பலர் பிடிபட்டார்கள். பெரும்பாலும் சீனக் குடியேற்றவாசிகள் சம்பந்தப்பட்ட விவகாரம் அது. அதன் பின்னர் ஏற்கெனவே தஞ்சம் பெற்ற ஆயிரக்கணக்கானோரின் கோப்புகள் மீளப் பார்வைக்கு எடுக்கப்பட்டன. அவர்களுள் உண்மையாகவே துன்பப்பட்டு வந்தவர்கள் எத்தனை பேரோ. ஒருவர் சொல்லும் பொய்யின் விலையை வரிசையில் பின்னால் நிற்பவர் கொடுக்கிறார். இதுவும் உண்மைதான். ஆயினும் வவுனியாவில் குழந்தையுடன் இருக்கும் ஒரு பெண்ணிடம், வரிசையில் பின்னால் நிற்கும் முகமறியாதவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேசாமல் விட்டுவிடும் வழியும் அவருக்கு இருக்கவில்லை. விமான நிலையத்தில் இறங்கிய அன்றே, தம்பி இயக்கத்தில் இருந்தான், முகாமுக்குப் போய்ப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தார். அது தட்டச்சிட்டுக் கோப்பில் இருந்தது. 2005ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பின்னர், வழக்கின் மையத்துடன் தொடர்பில்லாத சிறு முரண்பாட்டைக் கொண்டும் ஒருவரை நம்பத்தகாதவர் என்று நீதிபதி முடிவு செய்யலாம். தெரிந்துகொண்டு போலியான விண்ணப்பம் செய்தார் என்று தீர்ந்தால், குடிவரவுச் சட்டத்தின் கீழான எந்தச் சலுகைக்கும் நிரந்தரத் தடை. பொய்யென்று தான் அறிந்த ஒன்றை நீதிமன்றில் சமர்ப்பிக்கத் தன்னால் இயலாது என்பதையும் சட்டத்தரணி மென்மையாகச் சொன்னார். இவற்றையெல்லாம் நான் மொழிபெயர்த்து முடித்த பின், அவர் என்னிடம் நேராகக் கேட்டார்:

"நீங்கள் உங்கட கேசில எழுதினனீங்களோ, சேர்?"

மொழிபெயர்ப்பாளன் தன் சொந்தக் கதையைப் பேசலாகாது. சட்டத்தரணியின் அனுமதியைக் கேட்டுக்கொண்டு பதில் சொன்னேன். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் போனபோது நாங்களும் போய், வன்னியில் இருந்தோம். அங்கு பாடசாலை மாணவர்களோடு என்னையும் பங்கர் வெட்டக் கூட்டிப்போனார்கள். பல நாட்கள் வெட்டினேன். 2006இல் இங்கு வந்து தஞ்சம் கோரியபோது அதை எழுதினேன். கோப்பு நான்கு ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. எனது மகன் நடக்கப் பழகியதை நான் காணவில்லை. இதைச் சொன்னேன். ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நாணயமற்றவன் ஆகியிருப்பேன்: அந்த நான்கு ஆண்டுகளும் நான் அண்ணன் வீட்டில், கதவு திறந்திருந்த அறையில் படுத்தேன். அவர் இரும்புக் கட்டிலில் படுக்கிறார். பங்கர் வெட்டியபோது என் பின்னால் ஒருவன் துவக்குடன் நின்றான். ஆகவே உண்மையைச் சொல்வதே எனக்கு உதவியாயிற்று. அவருடைய உண்மை அவருக்கு உதவாது. "நீர் எதைச் செய்யோணும் எண்டு சொல்லுற உரிமை எனக்கில்லை" என்றேன். உள்ளூர, அவர் பொய் சொல்லிவிட்டால் நல்லது என்று அப்போது விரும்பினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். மூன்றாம் முறை போனபோது முடிவைச் சொன்னார். தஞ்சத்தைப் பற்றியோ சத்தியத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை.

"தம்பியைக் கடைசியாக் கண்டது அந்தச் சோத்தோடதான், சேர். அதைப் பயத்தில குடுத்தன் எண்டு எழுதி, அதுக்குக் கீழ நான் கையெழுத்து வைக்கிறதோ?"

நீதிபதி அவருடைய ஒவ்வொரு சொல்லையும் நம்பினார். தீர்ப்பிலேயே அவ்வாறு கூறினார். தம்பிக்கும் தோழர்களுக்கும் கொடுத்த உணவு பொருளுதவி என்றும், அதனால் தஞ்சம் வழங்கத் தமக்கு அதிகாரமில்லை என்றும் அதே தீர்ப்பில் கூறினார். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் கீழ் இலங்கைக்கு அனுப்புவதை மட்டும் ஒத்திவைத்தார். இத்தடை உள்ளவர்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு அது. வேலை செய்யலாம், நிரந்தர வதிவுரிமை கிடையாது, மனைவி பிள்ளைகளை அழைக்க முடியாது.

2014 பெப்ரவரியில் சட்டத்தரணி மகிழ்ச்சியுடன் என்னை அழைத்தார். வணிக நடவடிக்கை, மனிதாபிமான உதவி, குடும்ப, சமூக, பண்பாட்டுக் கடமைகளின் பொருட்டுக் கொடுத்தவை ஆகியவற்றுக்கு விலக்களிக்கும் புதிய அறிவித்தல் வந்திருந்தது. குடும்பக் கடமை! 'குடுக்கத்தானே வேணும்' என்பதை வாஷிங்டனில் யாரோ ஒருவர் விளங்கிக்கொண்டுவிட்டார் என்று நினைத்தோம். மறுநாள் முழு அறிவித்தலையும் வாசித்த பின் மீண்டும் அழைத்தார். பட்டியலில் இல்லாத சிறு குழுக்களுக்குக் கொடுத்தவர்களுக்கு மாத்திரமே அது பொருந்தும்.

இந்த வழக்கைப் பற்றி, பெயர் ஊர் சொல்லாமல், கலிபோர்னியாவில் விரிகுடாப் பகுதியில் வாழும் ஒரு நண்பரிடம் சில ஆண்டுகளுக்கு முன் பேசினேன். பொறியியலாளர், நீண்டகாலக் குடியுரிமையாளர். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்துக்குத் தாராளமாகக் கொடுத்தவர். அக்கழகத்தின் சொத்துகளை அமெரிக்கத் திறைசேரி 2007 நவம்பர் 15ஆம் திகதி முடக்கியது. 2010இல் உச்ச நீதிமன்று, தமிழ் அமைப்புகளும் வழக்காளிகளாயிருந்த வழக்கொன்றில், சமாதான வழிமுறைகளைக் கற்பிப்பதையும் பொருளுதவியாகக் கொள்ளலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்த்தது. நண்பர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "நான் விரும்பிக் கொடுத்தேன். வீட்டு முற்றத்தில் இருந்துகொண்டு காசோலை எழுதினேன். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிள்ளை மூன்று பார்சல் சோறு கொடுத்திருக்கிறான்."

இப்படிச் சொல்லத் துணிந்தவர் அவர் ஒருவரே. அந்த இளைஞரைப் பிணையில் எடுக்க ஒரு முகவரியும் ஒரு கையொப்பமும் தேவைப்பட்டபோது, நியூ ஜேர்சியில் நான் கேட்ட குடும்பங்களில் ஐந்து மறுத்தன. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள், தங்கள் பழைய காசோலைகள் நினைவுக்கு வருகின்றன. ஆறாவது கதவைத் திறந்தவர் ஒரு விதவைத் தாய். ஆங்கிலம் அதிகம் தெரியாதவர். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

நான் செய்தது சரியா? அவர் செய்தது சரி என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது அவர் செய்தது; அந்த விலையைக் கொடுத்தவர் அவர். நான் செய்தது வேறு. அவருடைய வாக்கியம் இரு பொருளுடன் பாதுகாப்பாக இருந்தபோது, அதைத் திறந்து பார்க்கும்படி செய்தவன் நான். மொழிபெயர்ப்பாளனின் கடமை என்று அதற்கு ஒரு பெயர் உண்டு, உண்மையான பெயர்தான். என் கையில் அந்தக் கடமை இருந்தது, அவர் கையில் ஒரு குடும்பம் இருந்தது. எனது கடமையின் செலவை அவருடைய குடும்பம் செலுத்திக்கொண்டிருக்கிறது. இதை அவரிடமே ஒருமுறை சொன்னேன். "நீங்கள் கேக்காட்டி நான் எனக்கே சொல்லியிருக்க மாட்டன், சேர்" என்றார். என்னை ஆறுதற்படுத்தச் சொன்னாரோ என்ற ஐயம் இன்றும் போகவில்லை.

அவர் இப்போது டெக்சாஸ் மாநிலத்தில், ஹியூஸ்டனுக்கு வெளியே, பெற்றோல் நிலையக் கடையொன்றில் இரவு வேலை செய்கிறார். அவருக்குக் கிடைத்த ஒத்திவைப்பு இலங்கைக்கு அனுப்புவதை மட்டுமே தடுக்கிறது. இத்தகையோரைத் தொடர்பில்லாத மூன்றாம் நாடுகளுக்கு அனுப்பும் நடைமுறைக்கு 2025 யூன் மாதத்தில் உச்ச நீதிமன்று இடமளித்த பின்னர், ஆண்டுதோறும் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்திடப் போகும் நாளுக்கு முந்திய இரவு என்னுடன் பேசுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கைக்குழந்தையாக விட்டு வந்த மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

கடைசியாகப் பேசியபோது, மகள் அவரிடம், அப்பா ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று நேரே கேட்டுவிட்டதாகச் சொன்னார். இத்தனை ஆண்டுகளும் 'கேஸ் நடக்குது' என்று சொல்லி வந்தவர், அன்று முழுவதையும் சொல்லியிருக்கிறார். சைக்கிளை, முகாமை, மூன்றாம் முறை கூடுதலாகக் கட்டிய பார்சலை, படிவத்தை. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம்.

"பிறகு கேட்டாள், சேர், அப்பம்மா என்ன கறி வைச்சவ எண்டு. சூடைக் கருவாட்டுக் குழம்பு எண்டன். சித்தப்பாவுக்கு அது விருப்பமோ எண்டாள்."